கல் மேலேயா, கீழேயா

டிக்கோயா
28.04.2025

அன்புத் தங்கை டோரீனுக்கு,

உயிர்த்த ஆண்டவர் உன் வீட்டில் எல்லாருக்கும் நலம் தரட்டும். முழங்கால் வலி குறைந்ததா? காதுக்கு வாங்கிய கருவி இன்னமும் அலமாரியில்தான் இருக்கிறதா? அதை நீ மாட்டிக்கொண்டால் போனிலேயே பேசிவிடலாம் என்கிறாள் உன் அண்ணி ஜீவராணி. எனக்கென்னவோ கடிதம்தான் வசதி. போனில் நீ கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வீட்டைக் காப்புறுதி செய்ய அலைகிறேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்த பழைய டிஸ்பென்சர் ஐயா வீட்டுக் கூரையைப் போன ஆடிக் காற்று தூக்கிக்கொண்டு போனதை எழுதியிருந்தேன் அல்லவா? அவரும் மனைவியும் மருமகனுடைய தொழிலாளர் லயத்து அறையில் திரை கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். நமக்கு அப்படிப் போக ஓர் அறையும் இல்லை. தேயிலைத் தோட்டத்தை விட்டு வெளியே வந்து சொந்த மண்ணில் கட்டிய வீடு. கூரை போனால், 'நீங்க வெளி ஆள் மாஸ்டர்' என்று தோட்டம் கைவிரிக்கும். என் வாத்தியார் ஓய்வூதியத்தில் புதுத் தகரம் நினைத்துப் பார்க்க முடியாது. ஆகையால்தான் இந்த ஏற்பாடு. நான் நினைப்பது சரிதானா என்று தெரியவில்லை.

ஹட்டனில் மூன்று இன்சூரன்ஸ் கம்பனிகளுக்குப் போனேன். வீட்டின் வயதைக் கேட்டார்கள், கூரையின் வயதைக் கேட்டார்கள், என் வயதைக் கேட்டார்கள். மூன்றுமே அதிகம்.

"வீடு பிரச்சினையில்ல அங்கிள். கூரைதான். தகரம் எந்த வருஷம் போட்டது?" என்றாள் ஒரு பிள்ளை.

"எண்பத்தேழு."

"நான் பொறக்கவே இல்ல அங்கிள்!"

இரண்டாவது இடத்தில், கூரைமேல் கல் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். வைத்திருக்கிறேன் என்றேன். அப்படியானால் ஆணி பிடிக்கவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். இந்தப் பக்கத்தில் காற்றுக்காக எல்லாரும்தான் கல்லோ டயரோ வைக்கிறோம் என்று விளக்க நினைத்தேன். பின்னால் ஆட்கள் காத்திருந்ததால் எழுந்துவிட்டேன். மூன்றாவது இடத்தில், முதலில் கூரையை மாற்றுங்கள், பிறகு தாராளமாகக் காப்புறுதி தருகிறோம் என்றார்கள்.

உன் யோசனையை எழுது.

உன் சுகத்துக்காக மாலைச் செபத்தில் உன்னையும் சேர்த்துக்கொள்ளும்,
அண்ணன் பத்திநாதன்

டோரீன், பெருநாளுக்கு நீங்க இல்லாம பணியாரம் இனிக்கல. கூரை பேச்சே பேசிக்கிட்டிருக்காரு, காது புளிச்சிருச்சு. உங்க காத குடுங்க, மாத்திக்குவோம். - ஜீவராணி


கோத்தகிரி
16.05.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மாதா உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. காதுக் கருவியை மாட்டினால் பேக்டரிச் சங்கு ஊதுவது போலக் கேட்கிறது. அலமாரியே அதற்கு நல்ல இடம்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு வந்த ஆத்திரத்தில் சோறு இறங்கவில்லை. கூரையை மாற்றினால் காப்புறுதி தருவார்களாமே! காய்ச்சல் விட்ட பிறகு வாருங்கள், மாத்திரை தருகிறேன் என்று எந்த டாக்டராவது சொல்வானா? அவர்கள்மேல் பாதிக் கோபம்தான். மீதி உங்கள்மேல். மூன்று இடத்திலும் 'நன்றி' என்று சொல்லிவிட்டுத்தானே எழுந்து வந்தீர்கள்? மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்தக் கற்களைப் பற்றிப் பேச அவர்கள் யார்? நீங்கள் வீடு கட்டிய வருடம் அண்ணி எழுதியது எனக்கு மறக்கவில்லை. உருளாத, அடி தட்டையான கல்லாகப் பார்த்து ஓயா ஆற்றில் இறங்கிப் பொறுக்கி, ஒவ்வொன்றாகத் தலையில் சுமந்து மேடேறியதில் கழுத்துப் பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தார்கள். இத்தனை வருடக் காற்றில் ஒரு தகரம் அசைந்ததா?

காப்புறுதி கிடைத்தால் கிடைக்கட்டும். அதற்கு முன்னால் ஆளை ஏற்றிக் கற்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனி பிறந்தால் காற்று தொடங்கிவிடும்.

அண்ணிக்கு என் முத்தம். என் காதை வாங்கிக்கொண்டால் அவர்களுக்குத்தான் லாபம்.

உங்கள் நலமே என் நலம் என்றிருக்கும்,
தங்கச்சி டோரீன்


டிக்கோயா
30.05.2025

அன்புத் தங்கைக்கு,

இறைவன் அருளால் இங்கே இருவரும் சுகம். மழை தொடங்கிவிட்டது. சளி மட்டும் எனக்கு இருக்கிறது. உன் கடிதம் இன்னும் வரவில்லை. உன் பதிலுக்குக் காத்திருந்துதான் செய்திருக்க வேண்டும். ஆனால் ஒரு வழி திறந்தது, அது மூடிவிடுமோ என்று பயந்துவிட்டேன்.

நிரோஷன் என்ற தம்பி வீடு தேடி வந்தான். முன்னே போன மூன்றுமல்லாத வேறொரு கம்பனியின் முகவர். தேநீர் குடித்துக்கொண்டே கூரையை அண்ணாந்து பார்த்தான்.

"சார், ஒண்ணும் யோசிக்காதீங்க. நம்ம கம்பனில பழைய கூரைக்கும் ஒரு பாலிசி இருக்கு. தவணையும் கம்மி. இன்ஸ்பெக்டர் வந்து போட்டோ எடுப்பாரு, அவ்வளவுதான். ஆனா சார், அந்தக் கல்லு..."

"கல்லுக்கென்ன தம்பி?"

"போட்டோல கல்லு விழுந்தா கொழும்பு ஹெட் ஆபீஸ்ல தூக்கி வீசிருவாங்க சார். எறக்கி வச்சிட்டு, சிவப்பா ஒரு பெயிண்ட் அடிச்சிருங்க. புதுக் கூரையாட்டம் இருக்கும்."

ஜீவராணி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "தம்பி, கல்லு எறங்கினா தகரமும் எறங்கிரும். தெரியுமில்ல?" என்றாள். அவன் சிரித்தான். "அதுக்குத்தானே ஆன்ட்டி இன்சூரன்ஸ்!"

அந்தப் பதிலில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

பக்கத்து வீட்டுச் செல்லசாமிதான் ஏறி இறக்கித் தந்தார். லொறி ஓட்டி ஓய்ந்தவர். ஏணியில் ஏறினால் இன்னமும் வாலிபர்தான். ஒவ்வொரு கல்லை இறக்கும்போதும், "சார், நல்லா யோசிச்சீங்களா? நம்ம இன்சூரன்ஸ் எல்லாம் கூரை மேலயே ஒக்காந்திருக்கு" என்று தன் வீட்டு டயர்களைக் காட்டிக்கொண்டிருந்தார். முகட்டின் இரு பக்கமும் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருந்த சோடிக் கற்களையும் அவிழ்த்தாயிற்று. எல்லாவற்றையும் துணி துவைக்கும் இடத்தின் பக்கத்தில் அடுக்கியிருக்கிறேன். எது எங்கே இருந்தது என்று தெரிய, ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் குறி போட்டேன்.

இன்ஸ்பெக்டர் இந்த வாரமே வருவார். வந்து போனதும் ஏற்றிவிடலாம்.

உன் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவு.

ஆண்டவர் கிருபையை உனக்கு வேண்டும்,
அண்ணன் பத்திநாதன்

டோரீன், கல்ல எறக்கியாச்சு. எம் பேச்சு எடுபடல. வீடு மொட்ட அடிச்சுக்கிட்டு நிக்குது. சிவப்புப் பெயிண்டு வேற, மொட்டத் தலைக்குப் பொட்டு வச்ச மாதிரி. - ஜீவராணி


கோத்தகிரி
14.06.2025

அண்ணே,

சுகம் விசாரிக்க நேரமில்லை. தந்தி என்று ஒன்று இருந்திருந்தால் தந்தி அடித்திருப்பேன்.

உங்கள் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. இதைப் படித்த கையோடு, செபம் சொல்லாமல், தேநீர் குடிக்காமல், செல்லசாமியைக் கூப்பிட்டுக் கற்களை ஏற்றுங்கள். இன்ஸ்பெக்டர் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. இங்கேயே காற்று மரத்தை முறிக்கிறது. இது எங்களுக்கு முன்னால் உங்களிடம்தான் வரும்.

பேத்தி டெல்சி கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கிறாள். அவள் இருந்தால் எனக்காகப் போனில் பேசுவாள். மகனிடம் கெஞ்சினேன். "மாமா வீட்டுக் கல்லுக்கெல்லாம் ஐ.எஸ்.டி. போடணுமாம்மா?" என்று சிரிக்கிறான். பெற்ற வயிற்றில் பிரம்பை வைத்துத்தான் அடித்துக்கொள்ள வேண்டும்.

அண்ணே, சிறு வயதிலிருந்தே நீங்கள் இப்படித்தான். வழியில் போகிற எவனாவது சட்டைப் பையில் பேனா குத்தியிருந்தால் அவன் சொல்வது உங்களுக்கு வேதவாக்கு. வீட்டில் இருப்பவள் சொன்னால் காதில் விழாது. எனக்காவது காது கேட்காததற்கு வைத்திய சாட்சி இருக்கிறது.

கல்லை ஏற்றிவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

டோரீன்


டிக்கோயா
30.06.2025

அன்புத் தங்கைக்கு,

இறைவன் உன்னைக் காப்பாராக. உன் கடிதம் கிடைத்தது. நீ சொன்னபடி செய்ய வேண்டும் என்பதே என் எண்ணமும்.

இன்ஸ்பெக்டர் வந்து போட்டோ எடுத்தார். கூரை தகுதியானது என்று ஒப்புக்கொண்டு காப்புறுதி கொடுத்துவிட்டார்கள். ஆகையால் அந்த விஷயத்தில் உனக்குக் கவலை வேண்டாம்.

இங்கே மழை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டெல்சி நன்றாகப் படிக்கிறாளா? அவளுக்கு என் ஆசீர். உன் முழங்காலைப் பற்றி மறக்காமல் எழுது.

இனிக் கடிதங்களைச் செல்லசாமி வீட்டு விலாசத்துக்கு எழுதினால் நல்லது. தபால்காரர் புதியவர். நம் வீடு மேட்டில் இருப்பதால் அவருக்குச் சிரமம்.

ஜீவராணிக்குக் கையில் சற்று வலி. அதனால் இந்தமுறை எழுதவில்லை.

உன் நலம் நாடும்,
அண்ணன் பத்திநாதன்


கோத்தகிரி
18.07.2025

அண்ணனுக்கு,

நீங்கள் சுகமாக இல்லை என்பது தெரிந்தபின் 'சுகமா' என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

தபால்காரருக்கு மேடு சிரமமாம்! அத்தனை வருடம் அந்த மேட்டில் நின்று எனக்கு எழுதிய மனிதர் எழுதுகிற வாக்கியமா இது? அண்ணிக்குக் கைவலியாம். காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட எனக்கு ஒரு வரி எழுதியவர்கள் அவர்கள். 'கல்லை ஏற்றிவிட்டேன்' என்ற ஒரு வரியைத்தான் நான் கேட்டேன். அதைத் தவிர எல்லாம் எழுதியிருக்கிறீர்கள்.

டெல்சி விடுமுறைக்கு வந்தாள். உங்கள் ஊர்க் கோவில் பையன்கள் போட்ட படங்களைப் போனில் காட்டினாள். காற்றில் வீடிழந்தவர்களுக்குக் கோவில் மண்டபத்தில் பாண் ரொட்டி கொடுக்கிறார்கள். வரிசையின் கடைசியில் ஓர் ஆள். முதுகுதான் தெரிகிறது. தலையில் நான் போன டிசம்பரில் நத்தாருக்கு அனுப்பிய பச்சைக் குல்லா. குல்லா இல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும். பாணுக்கான வரிசையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முன்னால் நிற்பவருக்கு இடைஞ்சல் ஆகாமல் அத்தனை தூரம் தள்ளி வேறு யார் நிற்பார்கள்?

"பாட்டி, அது மாமா தாத்தாவா?" என்று கேட்டாள். நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்ல வைத்துவிட்டீர்கள்.

அண்ணி எங்கே? உண்மையை எழுதுங்கள். மெதுவாக எழுதினாலும் சரி, முழுதாக எழுதுங்கள்.

டோரீன்


டிக்கோயா
செல்லசாமி வீடு
05.08.2025

அன்புத் தங்கைக்கு,

ஆண்டவர் என்னை மன்னிப்பார். நீ மன்னிப்பாயா என்று தெரியவில்லை. ஜீவராணி உடலளவில் நலம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கையிலும் வலி இல்லை. அவள் என்னோடு பேசுவதில்லை. நான் எழுதும் தாளில் எழுதவும் மாட்டாள்.

நடந்ததை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன்.

இன்ஸ்பெக்டர் ஜூன் பத்தாம் தேதி வந்தார். போட்டோ எடுத்தார். அன்றிலிருந்தே காப்புறுதி நடைமுறைக்கு வந்தது. கற்களை ஏற்றலாமா என்று நிரோஷனிடம் போனில் கேட்டேன். "பாலிசி பேப்பர் கைக்கு வர்ற வரைக்கும் அப்படியே கெடக்கட்டும் சார். கொழும்புலருந்து இன்னொருத்தர் திடீர்னு வந்தாலும் வரலாம்" என்றான். கேட்டிருக்கவே கூடாது. கேட்டபின் அவன் சொன்னதை மீற எனக்குத் துணிவு இல்லை.

பத்தொன்பதாம் தேதி மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தோம். காற்று சுழன்று வந்தது. தலைக்குமேல் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது. வெளியே ஓடிப் பார்த்தால் மேற்குப் பக்கத்துத் தகரம் ஒன்று எழுந்து நின்று ஆடுகிறது. ஜீவராணி கல் குவியலுக்கு ஓடி ஒரு கல்லைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "ஏணியப் புடிங்க, நான் ஏர்றேன்!" என்று கத்தினாள். அறுபத்தொன்பது வயதில், அந்த மழையில்.

நான் ஏணியைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே என்ன சொன்னேன் தெரியுமா? "இன்ஸ்பெக்டர் இன்னொரு தரம் வரலாம்னு சொன்னாங்களே" என்றேன்.

அவள் கல்லைத் தலையிலிருந்து இறக்காமலே என்னைப் பார்த்தாள். "இன்ஸ்பெக்டர் வந்து தகரத்தப் புடிப்பானா?" என்றாள்.

அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அடுத்த காற்றில் மேற்குப் பக்கம் முழுவதும் போயிற்று. பிறகு முகடு. தகரங்கள் தேயிலைக்குள் சிவப்புச் சிவப்பாக விழுந்து கிடந்தன. செல்லசாமி வீட்டில் ஒரு டயர்கூட அசையவில்லை. கோவில் மண்டபத்தில் சில நாள் இருந்தோம். பிறகு செல்லசாமிதான் பின்னறையைக் கொடுத்தார். அவள் அவர் மனைவியோடு உள்ளே படுக்கிறாள். நான் பின்னறையில்.

இதுவரை எழுதியது என் தவறு. இனி எழுதப்போவது அப்படியல்ல என்று நினைக்கிறேன்.

இழப்பீடு கேட்டு எழுதினேன். மதிப்பிட ஒரு கனவான் வந்தார். வீட்டைச் சுற்றினார். கல் குவியலைப் பார்த்தார். என் சுண்ணாம்புக் குறிகளையும் பார்த்து, இது என்ன என்று கேட்டார். மறைக்க என்ன இருக்கிறது என்று நானும் விளக்கினேன். நேற்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. அதன் சாரம் இது: இப்பகுதியில் கூரைக்குப் பாரம் வைப்பது வழக்கம், வீட்டுக்காரர் அந்தப் பாரத்தை அகற்றியிருந்தார், ஆகவே இது அவருடைய கவனக்குறைவு, இழப்பீடு தர இயலாது.

பலமுறை படித்தேன். என் ஆங்கிலம்தான் பிழையோ என்று அகராதியை எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலம் பிழையில்லை.

நிரோஷன் போனை எடுப்பதில்லை.

டோரீன், என் கை நடுங்குகிறது. குளிரால் இல்லை. வயதான காலத்தில் இது என்ன வியாதி என்று முதலில் பயந்தேன். கோபம் என்று பிறகுதான் புரிந்தது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் பத்திநாதன்


கோத்தகிரி
23.08.2025

அன்புள்ள அண்ணே,

ஆண்டவர் உங்கள் கை நடுக்கத்தைக் குணமாக்காமல் இருக்கட்டும். இதை நான் மனதார வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தை டெல்சிக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் அவள் வாங்கிப் படித்தாள், என் குரல் ஏறிப்போய்ப் பக்கத்து வீட்டார் வந்துவிட்டதால்.

கல் மேலே இருந்தால் கூரை கெட்டதாம், காப்புறுதி இல்லையாம். கல் கீழே இருந்தால் வீட்டுக்காரன் கெட்டவனாம், இழப்பீடு இல்லையாம். அப்படியென்றால் அந்தக் கல்லை எங்கேதான் வைப்பது, அவன் தலையிலா? இதை அவர்களிடம் போய்க் கேளுங்கள். கடிதம் எழுதிக் கேட்காதீர்கள். நீங்கள் எழுதினால் 'தயவுகூர்ந்து' என்று தொடங்கி 'தங்கள் கீழ்ப்படிவுள்ள' என்று முடிப்பீர்கள். நேரில் போங்கள்.

அத்தனை வருடம் பள்ளிக்கூடம் நடத்தினீர்கள். ஒரு பிள்ளையை அதட்டியதில்லை என்று ஊரெல்லாம் உங்களைப் புகழும். எல்லா அதட்டலும் மிச்சமாகத்தானே இருக்கிறது? கொண்டுபோய் அங்கே செலவழியுங்கள்.

அண்ணி பேசாதது பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். நானாக இருந்தால் ஏணியையே பிடுங்கி அடித்திருப்பேன். சும்மா மன்னிப்புக் கேட்டு அவர்களை அலுக்க வைக்காதீர்கள். அவர்களுக்கு மன்னிப்பு வேண்டாம், கூரை வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அங்கேயிருந்து திரும்பும்போது நன்றி சொல்லாதீர்கள்.

உங்கள் கோபத்துக்கு நலம் விசாரிக்கும்,
தங்கச்சி டோரீன்


டிக்கோயா
15.09.2025

அன்புத் தங்கைக்கு,

தேவமாதாவின் பிறந்தநாள் ஆசீர் உனக்கும் பிள்ளைகளுக்கும். நீ கேட்டபடி ஹட்டனுக்குப் போய் வந்தேன். நான் நடந்துகொண்ட விதம் சரிதானா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை. நீயே தீர்மானி.

குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சந்தைப் பையில் போட்டுக்கொண்டேன். வெறுங்கையோடு போனால் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேனோ என்ற பயம்தான். பஸ்ஸில் கொண்டக்டர் பையை நகர்த்தப் பார்த்துவிட்டு, "என்ன மாஸ்டர், பலாப்பழமா?" என்றான். "கூரை" என்றேன். அவன் டிக்கெட்டைக் கிழித்துத் தந்துவிட்டு நகர்ந்தான்.

கம்பனியில் காத்திருப்பவர்கள் உட்காரும் வாங்கு நிறைய ஆட்கள். என் முறை வந்ததும் முகாமையாளர், "ஒக்காருங்க மாஸ்டர்" என்றார். நல்ல தமிழ், நல்ல மரியாதை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று நின்றுகொண்டே பேசினேன்.

"எனக்கு ஒரு சந்தேகம். கல்லு மேல இருந்தா காப்புறுதி இல்லைங்கிறீங்க. கீழ இருந்தா நட்டஈடு இல்லைங்கிறீங்க. கல்லு எங்க இருக்கணும்?"

"அது... ஒவ்வொரு கேஸையும் பொறுத்தது மாஸ்டர்."

"சரி. என் கேஸ்ல? மேலயா, கீழயா? ஒண்ணை எழுதித் தாங்க."

"அப்படியெல்லாம் எழுத ஏலாது மாஸ்டர்."

"உங்க இன்ஸ்பெக்டர் எடுத்த போட்டோல கல்லு இல்ல. கல்லில்லாத கூரையைத்தானே நல்ல கூரைன்னு ஏத்துக்கிட்டீங்க? அதே கூரைல கல்லில்லைன்னு இப்ப எப்படிச் சொல்றீங்க?"

அவர் பக்கத்து மேசையைப் பார்த்தார். அங்கே நிரோஷன் இருந்தான். கம்ப்யூட்டரில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தான்.

"நிரோஷன் தம்பி, கல்லை எறக்கச் சொன்னது யாரு?"

"நான் எறக்கச் சொல்லல சார். எறக்கினா பார்வையா இருக்கும்னுதான் சொன்னேன்."

டோரீன், அதற்குப் பிறகு பேசிய குரல் என்னுடையதுதான் என்று இப்போதும் என்னால் நம்ப முடியவில்லை. "பார்வையா? என் வீட்டுக்குள்ள ஒக்காந்தா இப்ப வானமே பார்வையா இருக்குடா! வந்து பார்க்கிறியா? என் பொஞ்சாதி தலையில கல்லோட மழையில நின்னா. அந்தப் பார்வையையும் போட்டோ எடுத்துக் கொழும்புக்கு அனுப்புறியா?" என்றேன். ஒருவரை 'டா' போட்டுக் கூப்பிட்டது என் நினைவில் அதுதான் முதல் தடவை.

பையிலிருந்து கல்லை எடுத்து முகாமையாளர் மேசைமேல் வைத்தேன். வைத்தேன் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் பலமாக வைத்துவிட்டேன் போலிருக்கிறது. மேசைக் கண்ணாடி விரிசல் விட்டது.

"மாஸ்டர், கண்ணாடி!"

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "இந்தக் கண்ணாடி எந்த வருஷம் போட்டது? பழசுன்னா நட்டஈடு கிடையாது. அதோட, மேசைல ஒரு பாரம் வச்சிருந்தா ஒடைஞ்சிருக்காது. உங்க கவனக்குறைவு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தலவாக்கலையிலிருந்து வந்திருந்த வீரம்மா என்ற பெண் எழுந்து முன்னால் வந்தாள். "எங்க வீட்டுக்கும் இதே கதைதாங்க. எங்கள டயர எறக்கச் சொன்னாங்க. ஐயாவுக்கு எழுதித் தர்றப்ப எனக்கும் ஒண்ணு எழுதுங்க. டயர் மேலயா, கீழயான்னு." வாங்கில் இருந்த இன்னும் சிலரும் எழுந்தார்கள். முகாமையாளர் கொழும்புக்குப் போன் போட்டார். கோப்பை மறுபடி பார்க்கிறார்களாம். மற்றவர்கள் முறைப்பாட்டையும் எழுதி வாங்கிக்கொண்டார்.

"கல்ல எடுத்துக்கிட்டுப் போங்க மாஸ்டர்" என்றார்.

"எழுத்துல பதில் வர்ற வரைக்கும் அது இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். வாசல்வரை வந்த பிறகு 'நன்றி' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உன்னை நினைத்துக்கொண்டேன். விழுங்கிவிட்டேன்.

வீரம்மா அடுத்த வாரம் டயரோடு வரப்போகிறாளாம்.

முந்தாநாள் கம்பனியிலிருந்து போன். மறுபரிசீலனை நடக்கிறது, தயவுசெய்து கல்லை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள் என்றார்கள். "மேலேயா, கீழேயா?" என்றேன். வைத்துவிட்டார்கள். பணம் வருமா என்பது எனக்கு உறுதியில்லை. வராமலும் போகலாம். ஆனால் அவர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதும்வரை நான் போய்க்கொண்டே இருப்பேன்.

கூரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேயிலைக்குள் கிடந்த தகரங்களைச் செல்லசாமியும் கோவில் இளைஞர்களும் பொறுக்கி, தட்டி நிமிர்த்தி, மறுபடி அடித்துவிட்டார்கள். முடியாத இடங்களுக்குப் பங்குச் சுவாமி சில தகரம் தந்தார். சிவப்பும் வெள்ளையும் கறுப்புமாக, பார்க்க அழகில்லை. சனிக்கிழமை கற்களை ஏற்றினோம். என் சுண்ணாம்புக் குறிகள் மழையில் அழிந்துபோயிருந்தன. ஜீவராணி கீழே நின்று செல்லசாமிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அது குசினிக்கு மேல இருந்த கல்லு. அந்தச் சோடி முகட்டுக்கு. இல்ல இல்ல, மூக்கு வச்ச கல்லு மேக்கால." ஒவ்வொரு கல்லும் அவளுக்குத் தெரிந்திருந்தது. என்னிடம் அவள் பேசவில்லை. நேற்று வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

இந்தக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு மாலைச் செபத்துக்குப் போகிறேன். தாளின் அடியில் வழக்கம்போலக் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்.

உன் முழங்காலுக்கும் காதுக்கும் சுகம் வேண்டும்,
அண்ணன் பத்திநாதன்

டோரீன், எல்லாத்தையும் எழுதினவரு ஒண்ண எழுதல பாருங்க. ஆபீஸ்ல வச்சிட்டு வந்தது, நான் அன்னிக்கித் தலையில தூக்கின அதே கல்லு. ஓயாவுல இருந்து நான் மொதல்ல கொண்டாந்ததும் அதுதான். கேக்காம எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. அந்த எடத்துல காத்து பூந்து தகரம் அடிக்குது. வேற கல்லு வைக்க நான் விடல. என் அம்மிக் கொழவியத் தூக்கி வச்சிருக்கேன். அவரு எழுத்தோட அந்தக் கல்ல வாங்கிட்டு வர்ற வரைக்கும் இந்த வீட்டுல அம்மியில அரைக்கிற சம்பல் கெடையாது. செபம் முடிஞ்சு வரட்டும், நானே வாயத் தொறந்து சொல்றேன். - ஜீவராணி